மூன்று சத்தம், ஒரே கார்

கேள்வி:

என் ஊர் பென்னாகரம். தருமபுரியில் வேலை என்பதால் தினமும் காரில் போய்வருகிறேன். 2019 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல், 62,000 கி.மீ. ஓடியது. போன மாதம் பெங்களூருவில் ஒரு கடையில் காயில்ஓவர் செட் (ஷாக்கின் மேலேயே ஸ்பிரிங் உட்காரும், உயரம் மாற்றும் வகை) வாங்கி வந்து, தருமபுரியில் தெரிந்த பட்டறையில் கொடுத்து மாட்டினேன். முன்பக்கம் மேல் மவுண்ட் மட்டும் பழையதையே போட்டார்கள். நாலு பக்கமும் சுமார் 40 மி.மீ. இறக்கியிருக்கிறது. பார்க்க நன்றாக இருக்கிறது, வளைவில் வண்டி சாய்வதும் குறைந்துவிட்டது. ஆனால் மாட்டிய மறுநாளிலிருந்தே சத்தம்.

வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பும்போது ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் முன்னால் 'டங்' என்கிறது, தண்ணீர் டிரம்மை யாரோ சுண்டிய மாதிரி. குண்டும் குழியுமான ரோட்டில் மெதுவாகப் போனால் இடப்பக்கம் முன்னால் 'டொக் டொக்'. ஆனால் வேகத்தடையில் நேராக ஏறினால் அந்த டொக் வருவதில்லை. வேகத்தடையை விட்டு இறங்கும்போது பின்னால் 'டக்' என்று ஒரே ஒரு தடவை கேட்கிறது. கடைக்காரரிடம் போனில் கேட்டால், "காயில்ஓவர்னா அப்படித்தாங்க இருக்கும்" என்கிறார். மெக்கானிக் அண்ணன் லோயர் ஆர்ம் இரண்டையும் மாற்றச் சொல்கிறார். அப்பாவோ, "நல்லா இருந்த வண்டியைக் கெடுத்துட்டே" என்று தினமும் பாட்டுப் பாடுகிறார். யார் சொல்வது சரி? கழற்றிய ஒரிஜினல் ஷாக், ஸ்பிரிங் எல்லாம் வீட்டில் சும்மா கிடக்கிறது. ஒருவர் 3,000 ரூபாய்க்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?

— ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்:

தம்பி, வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் "சஸ்பென்ஷனில் சத்தம் வருது, என்ன செய்யலாம்?" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும். நீங்கள் எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று இரண்டையும் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் காரைப் பார்க்காமலே இவ்வளவு தூரம் பேச முடிகிறது. உங்கள் காரில் இருப்பவை மூன்று தனித்தனிச் சத்தங்கள். மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. மூன்றையும் ஒரே நோயாக நினைத்து ஒரே பாகத்தை மாற்றப் போனால் பணம் போகும், சத்தம் இருக்கும்.

கடைக்காரர் சொன்னது உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. காயில்ஓவர் செட்டுகளில் ஒரு வகை, மேல் மவுண்டில் ரப்பருக்குப் பதிலாக இரும்புக் குண்டு பேரிங் வைத்து வரும். கேம்பர் பிளேட் என்பார்கள். அதில் ரோட்டின் அதிர்வு ரப்பரில் அமுங்காமல் நேராக பாடிக்கு ஏறும், கொஞ்சம் கடகடப்பு இருக்கத்தான் செய்யும். உங்களுக்குத்தான் கம்பெனி ரப்பர் மவுண்டையே திரும்பப் போட்டிருக்கிறார்களே, பிறகு ஏன் சத்தம் வரவேண்டும்? மெக்கானிக் சொன்னது அவசர முடிவு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அப்பா சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். தேய்மானத்தால் வரும் சத்தம் மெல்ல மெல்ல வளர்ந்து வரும். மாட்டிய மறுநாளே வந்த சத்தம் பெரும்பாலும் மாட்டிய விதத்தில் இருந்துதான் வரும். முடுக்காத நட்டு, முறை மாறிய வாஷர், இடத்தில் உட்காராத ஸ்பிரிங், இப்படி ஏதாவது ஒன்று.

அதனால் முதல் காரியம், முன் ஷாக் கூடான ஸ்ட்ரட்டை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டையும், மேலே ஷாக் தண்டின் நடு நட்டையும் டார்க் ரெஞ்சு வைத்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்குப் பாருங்கள். இதைப் பார்க்கும் வரை ஒகேனக்கல் இறக்கத்துக்கோ, சேலம் போகிறேன் என்று தொப்பூர் கணவாய்க்கோ வண்டியை எடுக்க வேண்டாம். தொப்பூரில் பிரேக் போட்டுக்கொண்டே இறங்கும்போது பாரமெல்லாம் முன் சக்கரத்தில்தான் விழும். பக்கத்தில் லாரி. நக்கிள் போல்ட் லூசாக இருக்கும் வண்டிக்கு அது இடமில்லை. அந்தப் போல்ட்டுகளுக்கு ஒரு சின்ன சோதனை உண்டு. சமதளத்தில், ஆள் நடக்கும் வேகத்தில் முன்னால் போய் பிரேக், அதே மாதிரி பின்னால் வந்து பிரேக். ஒவ்வொரு தடவையும் முன்னால் ஒரே ஒரு 'டக்' வந்தால் போல்ட் ஓட்டையில் நகர்கிறது என்று சந்தேகப்படலாம். முடுக்கிய பிறகு நட்டின் மேலும் பிராக்கெட்டின் மேலும் சேர்ந்தாற்போல் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு விடுங்கள். நாலு நாள் கழித்துக் கோடு விலகியிருந்தால் நட்டு திரும்புகிறது என்று அர்த்தம்.

இனி அந்த 'டங்'.

உங்கள் ஸ்விஃப்ட்டின் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் வகை. அமெரிக்க இன்ஜினியர் ஏர்ல் மெக்பெர்சன் 1940களின் கடைசியில் உருவாக்கிய அமைப்பு. நம் நாட்டில் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதுதான் சாதாரணப் பட்டறைகளுக்குப் பழக்கமானது. அதற்கு முன் எல்லாருக்கும் கை பழகியிருந்தது அம்பாசிடரில். அதில் முன்பக்கம் டார்ஷன் பார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும், டார்ஷன் பார் பாட்டுக்கு அதன் இடத்தில் கிடக்கும். மெக்பெர்சனில் அப்படி இல்லை. ஸ்டியரிங் ஒடிக்கும்போது ஸ்ட்ரட் முழுசாகத் திரும்பும், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்து திரும்ப வேண்டும். ஸ்பிரிங் தடையில்லாமல் திரும்புவதற்காகத்தான் மேலே மவுண்டுக்கும் ஸ்பிரிங் தட்டுக்கும் நடுவில் ஒரு பேரிங் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பேரிங் திரும்பவில்லை என்றால் என்ன ஆகும்? ஸ்பிரிங்கின் கீழ்முனை ஸ்ட்ரட்டோடு திரும்பும், மேல்முனை ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் ஸ்பிரிங் முறுக்கேறும். ஓரளவுக்கு மேல் முறுக்கு தாங்காமல் மேல்முனை ஒரே குதியாகக் குதித்து இடம் மாறும். நீங்கள் கேட்கும் 'டங்' அதுதான். வண்டி ஓடும்போது அதிர்வில் முறுக்கு தானாக அவிழ்ந்துகொண்டே இருக்கும், அதனால் கேட்காது. வாசலில் நிறுத்தித் திருப்பும்போது கேட்கும்.

கண்ணால் பார்த்தே உறுதி செய்யலாம். வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்க வேண்டாம், பாரம் சக்கரத்தில் இருந்தால்தான் இது தெரியும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்து வைத்துக்கொண்டு, சக்கர வளைவுக்குள் டார்ச் அடித்து, ஸ்பிரிங்கின் மேல் சுற்றிலும் அதற்கு மேலே உள்ள தட்டிலும் சாக்பீஸால் நேராக ஒரு கோடு போடுங்கள். தட்டுக்கும் மவுண்டுக்கும் இன்னொரு கோடு. ஒருவர் இன்ஜினை ஓடவிட்டு மெதுவாக ஸ்டியரிங்கைத் திருப்பட்டும், நீங்கள் பாருங்கள். தட்டும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்து மவுண்டின் கீழ் வழுக்கிக்கொண்டு போனால் பேரிங் வேலை செய்கிறது. தட்டு நின்றுவிட்டு, 'டங்' வந்த நொடியில் குதித்தால் திருடன் பிடிபட்டான். அந்த நேரத்தில் ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவில் விரலை விடாதீர்கள்.

பேரிங் ஏன் திரும்பவில்லை என்பதற்கு உங்கள் விஷயத்தில் மூன்று வாய்ப்பு. 62,000 கி.மீ. ஓடிய பழைய பேரிங்கில் கிரீஸ் காய்ந்து மண் ஏறியிருக்கலாம். ஏரியூர், பெரும்பாலை பக்கம் போய்வரும் வண்டிகளில் ஸ்ட்ரட்டைக் கழற்றினால் செம்மண் பொடி கொட்டும், அது பேரிங்கை விடுமா? இரண்டாவது, பேரிங்கைத் தலைகீழாகப் போட்டிருக்கலாம். மூன்றாவதுதான் நான் அதிகம் சந்தேகப்படுவது. கம்பெனி ஸ்பிரிங் அகலம், காயில்ஓவர் ஸ்பிரிங் ஒடுக்கம். அதனால் செட்டோடு தனியாக ஒரு மேல் தட்டும், ஒரு குட்டை ஸ்பேசரும் வரும். அந்த ஸ்பேசரை விட்டுவிட்டாலோ, கம்பெனி வாஷரையும் சேர்த்துப் போட்டாலோ, நடு நட்டை முடுக்கும்போது அழுத்தம் தண்டின் தோளில் போய் நிற்காமல் பேரிங்கையே நசுக்கும். பட்டறையில் பழைய வாஷரோ, எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு வளையமோ மிச்சம் கிடந்ததா என்று கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது குற்றம் சாட்டுகிற தொனி வேண்டாம், சொல்ல மாட்டார்கள்.

ஸ்ட்ரட்டைக் கழற்றி வைத்து, செட்டோடு வந்த படத்தைப் பார்த்து, கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்க்க வேண்டும். பேரிங் புதிதாகவே வாங்கிப் போடுங்கள். மற்ற செலவோடு பார்த்தால் பெரிய காசு இல்லை. ஸ்பிரிங்கின் வால் நுனி கீழ்த்தட்டின் படிக்கட்டில் சரியாக முட்டி நிற்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு எச்சரிக்கை, இதை வீட்டில் செய்யாதீர்கள். காயில்ஓவரில் ஸ்பிரிங் தட்டைப் பிடிக்கும் லாக் ரிங்கை இறக்கி ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட்டு நட்டைக் கழற்றலாம். ஆனால் ஒரிஜினல் ஸ்ட்ரட்டை என்றைக்காவது திரும்பப் பூட்டவோ கழற்றவோ வேண்டி வந்தால் ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாமல் தொடவே கூடாது. பூட்டிய நிலையில் அதில் ஸ்பிரிங் அமுக்கியபடியே இருக்கும். நட்டு கழன்றால் முகத்துக்கு வரும்.

இரண்டாவது சத்தம், இடப்பக்க 'டொக் டொக்'. உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான வரி, வேகத்தடையில் நேராக ஏறினால் அது வருவதில்லை என்பதுதான். வேகத்தடையில் இரண்டு முன் சக்கரமும் ஒன்றாக ஏறுகின்றன. குழியில் ஒரு சக்கரம் மட்டும் இறங்குகிறது. இரண்டும் ஒன்றாக ஏறினால், இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பாருக்கு வேலை இல்லை, அது அப்படியே சுழன்று கொடுக்கும். ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கினால்தான் பார் முறுக்கிக்கொள்ளும், அதன் நுனியில் இருக்கும் லிங்க் ராடு இழுபடும். ஆக, உங்கள் 'டொக்'கின் முகவரி பெரும்பாலும் இடப்பக்க லிங்க் ராடு.

காயில்ஓவர் மாட்டும்போது லிங்க் ராடைக் கழற்றித்தான் ஆக வேண்டும். திரும்பப் போடும்போது அதன் குண்டுத் தண்டு நட்டோடு சேர்ந்து சுற்றும். எலன் கீயால் தண்டைப் பிடித்துக்கொண்டு நட்டை முடுக்காவிட்டால் இறுகியது மாதிரி தெரியும், இறுகியிருக்காது. இன்னொன்று, வண்டியை 40 மி.மீ. இறக்கியதால் பாரின் நுனி முன்பு இருந்ததைவிட மேலே நிற்கிறது. லிங்க் ராடு நீளம் அதேதான். சாய்வு மாறியதில் குண்டு அதன் கிண்ணத்தின் விளிம்பில் போய் முட்டலாம், அல்லது ராடின் உடம்பு காயில்ஓவரின் லாக் ரிங்கில் தட்டலாம். தட்டினால் அங்கே பெயின்ட் உரிந்து பளபளவென்று ஒரு நகக்கீறல் அளவுக்குத் தெரியும். டார்ச் அடித்துத் தேடுங்கள்.

சோதனை சுலபம். பட்டறையில் இரண்டு பக்க லிங்க் ராடின் மேல் நுனியையும் கழற்றி, எதிலும் உரசாமல் கம்பியால் கட்டிவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத சமமான ரோட்டில் 20 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாமல் அதே மாதிரி குழிகளில் ஓட்டிப் பாருங்கள். 'டொக்' போய்விட்டால் விசாரணை முடிந்தது. போகாவிட்டால் அடுத்தது மேல் நடு நட்டு. பார் இல்லாமல் வண்டி அதிகம் சாயும், ஆகவே சோதனை முடிந்த உடனே திரும்ப மாட்டிவிட வேண்டும். சாய்வு பிரச்சினை என்றால் நீளம் கூட்டிக் குறைக்கும் லிங்க் ராடு கிடைக்கிறது. ஆனால் வண்டியைக் கொஞ்சம் தூக்கினாலே அது தேவைப்படாமல் போகலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

மேல் நட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பானெட்டைத் திறந்து, வைப்பர் பக்கத்துக் கவர் மறைத்தால் அதையும் எடுத்துவிட்டு, மவுண்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். இன்னொருவர் சக்கரத்துக்கு மேலே பாடியை அமுக்கி அமுக்கி விடட்டும். நட்டு லூசாக இருந்தால் கைக்கு 'டொக்' நன்றாகவே தெரியும், காதைவிடக் கை நம்பகமானது. நம் பட்டறைகளில் பெரும்பாலும் அந்த நட்டை ஏர் கன்னால்தான் அடிக்கிறார்கள். ஏர் கன் அடித்தால் நட்டோடு ஷாக் தண்டும் சேர்ந்து சுற்றும். 'டர்ர்' என்ற சத்தம் கேட்டதும் டைட் ஆகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். தண்டு சுற்றியதில் உள்ளே ஆயில் சீலுக்கும் கெடுதல். எலன் கீயைத் தண்டின் தலையில் போட்டுப் பிடித்துக்கொண்டு, ரிங் ஸ்பேனரால் கையால் முடுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிப்பதில் ஏன் இவ்வளவு ஆர்வம் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

லோயர் ஆர்ம் விஷயம். 62,000 கி.மீ.க்கு அதன் புஷ் களைத்திருக்க வாய்ப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மாட்டிய முந்தின நாள் வரை சத்தமில்லாமல் இருந்த இரண்டு லோயர் ஆர்மும் ஒரே ராத்திரியில் போய்விடாது. புஷ் மேல் லீவர் போட்டு அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ரப்பர் கிழிந்து இரும்பு ஆடினால் மாற்றலாம். ஒன்று மட்டும் கேளுங்கள்: காயில்ஓவரை நுழைக்க இடம் போதாமல் லோயர் ஆர்மின் உள் போல்ட்டைத் தளர்த்தினார்களா? தளர்த்தியிருந்தால், சக்கரம் தொங்கும் நிலையிலேயே முடுக்கியிருக்கக் கூடாது. வண்டியின் பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முடுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் புஷ் நிரந்தரமாக முறுக்கியே நிற்கும், கொஞ்ச நாளில் 'நறநற' என்று கத்திவிட்டுக் கிழியும்.

மூன்றாவது, பின்னால் வரும் 'டக்'. இதுதான் மூன்றிலும் சுவாரசியமானது, இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

காயில்ஓவர் ஸ்பிரிங்கின் மேல் ஏதாவது எண் அச்சடித்திருக்கும், பாருங்கள். 62-180-5 என்று இருந்தால் உள் விட்டம் 62 மி.மீ., நீளம் 180 மி.மீ., ஒரு மி.மீ. அமுங்க 5 கிலோ வேண்டும் என்று பொருள். உதாரணத்துக்கு முன்பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஓட்டுநரோடு சேர்த்து ஒரு முன் ஸ்பிரிங் தாங்கும் பாரம் தோராயமாக 250 கிலோ என்று வையுங்கள். 5 கிலோ ஸ்பிரிங் அந்தப் பாரத்தில் 50 மி.மீ. அமுங்கி நிற்கும். அதில் பாதிக் கடினமுள்ள மிருதுவான ஸ்பிரிங் என்றால் 100 மி.மீ. அமுங்கி நிற்கும். இப்போது சக்கரம் ஒரு பள்ளத்தில் தொங்குகிறது. மிருதுவான ஸ்பிரிங் 100 மி.மீ. வரை நீண்டு கொடுத்துக்கொண்டே கூடப் போகும். கடினமான ஸ்பிரிங் 50 மி.மீ.லேயே தன் முழு நீளத்தை எட்டிவிடும். அதற்கு மேலும் ஷாக் நீண்டால் ஸ்பிரிங் பிடிமானமில்லாமல் நிற்கும். சக்கரம் திரும்ப மேலே வரும்போது ஸ்பிரிங் தட்டில் வந்து விழும். 'டக்'.

காரின் பின்பக்கம் முன்பக்கத்தைவிடப் பாரம் குறைவு, அதனால் இந்தத் தொல்லை பின்னால்தான் சீக்கிரம் வரும். வேகத்தடையை விட்டுப் பின் சக்கரம் இறங்கும் நொடியில்தானே உங்களுக்குக் கேட்கிறது? நீங்கள் தனியாகப் போகும்போது நன்றாகக் கேட்டு, பின் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தால் குறைகிறதா என்று கவனியுங்கள். குறைந்தால் நான் சொல்வது உறுதி. ஸ்விஃப்ட்டின் பின்பக்கத்தில் ஷாக் தனி, ஸ்பிரிங் தனி. பெயர்தான் காயில்ஓவர். பின்னால் வந்திருப்பது ஒரு ஷாக்கும், உயரம் மாற்றும் திருகுத் தட்டோடு ஒரு குட்டை ஸ்பிரிங்கும். வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங்கைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கையோடு சுற்றினாலோ மேலும் கீழும் ஆடினாலோ அது லூஸ். கம்பெனி ஸ்பிரிங்குக்கு மேலும் கீழும் ரப்பர் தட்டு இருந்திருக்கும். செட்டில் இடம் இருந்தால் அதைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். பாதிச் சத்தம் அதிலேயே அடங்கும்.

முழுசாக அடங்க வழி, திருகுத் தட்டை ஏற்றுவது. தட்டை ஏற்றினால் பின்பக்கம் உயரும், நிற்கும் நிலையிலேயே ஷாக் நீண்டு நிற்கும். மேற்கொண்டு தொங்குவதற்கு மிச்சம் குறையும். ஸ்பிரிங் விடுபட இடம் கிடைக்காது. முன்பக்கத்தில் கதை வேறு. உங்கள் செட்டில் அடி பிராக்கெட்டைத் திருகி உயரம் மாற்றும் வசதி இருந்தால், உயரத்துக்கு அதைத்தான் பயன்படுத்த வேண்டும். ஸ்பிரிங் தட்டு, ஸ்பிரிங் கையால் ஆடாத இடம் வரை வந்து, செட்டோடு வந்த தாளில் சொன்ன சில மி.மீ. மட்டும் மேலே போனால் போதும். வண்டியை இறக்க வேண்டும் என்று ஸ்பிரிங் தட்டையே கீழே இறக்கிவிட்டிருந்தால் முன்னாலும் இதே 'டக்' சீக்கிரம் ஆரம்பிக்கும்.

உயரத்துக்கு வந்துவிட்டோம், அப்பாவின் பாதி நியாயம் இங்கேதான். ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் கம்பெனி கணக்கில் 163 மி.மீ. நீங்கள் 40 இறக்கிவிட்டீர்கள், மிச்சம் 123. நாலு பேர் ஏறினால் இன்னும் குறையும். இந்திய சாலை காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 விதிப்படி வளைந்த வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். ஸ்விஃப்ட்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.45 மீட்டர்தான். அதாவது விதிப்படி போட்ட வேகத்தடையில் கார் முழுசாக மேலே ஏறி நின்று இறங்கும், வயிறு தட்டாது. நம் ஊரில் தெருமுனைக்குத் தெருமுனை யாரோ ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டுவிட்டுப் போகும் தடை ஒரு முழ அகலம் இருந்தால் பெரிது. அது முன் சக்கரத்தைத் தாண்டியதும் நேராக வயிற்றுக்குக் கீழே வந்து நிற்கிறது. கரும்பு டிராக்டர் ஓடி ஓடி நடுவில் மேடு தட்டிய ரோடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வயிறு தட்டுவது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. தெரியாதது பம்ப் ஸ்டாப். ஷாக் முழுசாக அமுங்கும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் காக்கும் ரப்பர் கட்டை அது. ஷாக் தண்டின் அடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டேக்கை லேசாகக் கட்டிவிட்டு, வீட்டிலிருந்து ஒகேனக்கல் வரை நாலு பேரோடு ஒரு தடவை போய்வந்து பாருங்கள் (போல்ட்டெல்லாம் பார்த்த பிறகு). டேக் பம்ப் ஸ்டாப்பை ஒட்டி மேலே போயிருந்தால் உங்கள் ஷாக்குக்கு ஓடுவதற்கே இடமில்லை. என் கருத்து: தருமபுரி மாவட்டத்தில் தினமும் ஓடும் வண்டியை 15, மிஞ்சினால் 20 மி.மீ.க்கு மேல் இறக்குவதில் லாபம் எதுவும் இல்லை. வளைவில் சாய்வது குறைந்ததற்குப் பெரும்பங்கு காரணம் ஸ்பிரிங்கின் கடினமும் ஷாக்கும்தான், அது உயரத்தைக் கூட்டினாலும் இருக்கும். உயரத்தைக் கூட்டினால் பின் 'டக்' குறையும், லிங்க் ராடின் சாய்வும் பழைய இடத்துக்குப் பக்கத்தில் வரும். அப்பாவும் கொஞ்சம் சமாதானமாவார்.

உயரம் மாற்றியதும் அன்றைக்கே வீல் அலைன்மென்ட். மெக்பெர்சனில் உயரம் மாறினால் சக்கரத்தின் டோ (உள்ளே வெளியே பார்க்கும் கோணம்) மாறும், விட்டால் டயர் உள்விளிம்பில் தேயும். ஹெட்லைட்டின் குறியும் பாருங்கள். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் ஸ்ட்ரட்டில் அதனதன் கிளிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். கிளிப் இல்லாமல் தொங்கினால் சின்னதாக 'டிக் டிக்' என்று தட்டும். சத்தத்தைவிட மோசம், டயரில் உரசி ஹோஸ் அறுந்தால் பிரேக் போய்விடும். திருகு மறைகளில் செம்மண் அடைந்து லாக் ரிங் இறுகிப்போவது நம் பக்கத்தில் சகஜம். மழைக்காலம் முடிந்ததும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். ஷாக் அசையும்போது 'புஸ்' என்று ஒரு மெல்லிய ஆயில் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், அது வால்வு வழியாக ஆயில் போகும் சத்தம். வெளியே ஆயில் ஈரம் தெரிந்தால்தான் பயப்பட வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்.சி. புத்தகத்தில் ஸ்பிரிங் பற்றி ஒரு வரியும் இல்லையே என்று வாதாடலாம்தான். ரோட்டோரத்தில் நின்று வாதாடி ஜெயித்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்து நடந்த பிறகு அவர்களாகக் கண்டுபிடித்தால் கிளெய்மில் இழுபறி வரும்.

கடைசிக் கேள்விக்கு ஒரே பதில்: 3,000 ரூபாய்க்கும் கொடுக்காதீர்கள், 6,000 என்றாலும் கொடுக்காதீர்கள். பின் ஸ்பிரிங்கின் ரப்பர் தட்டை முதல் வேலையாக அந்தக் குவியலில்தான் தேடப் போகிறீர்கள். காயில்ஓவரில் ஒரு ஷாக் ஆயில் கசிந்து பெங்களூருக்கு அனுப்ப வேண்டி வந்தால், அது திரும்பி வரும்வரை தருமபுரிக்கு எதில் போவீர்கள்? என்றைக்காவது ஆர்.டி.ஓ. ஆபீசிலோ இன்சூரன்ஸ் சர்வேயர் முன்னாலோ வண்டியைக் கம்பெனி நிலையில் காட்ட வேண்டி வந்தாலும் அந்த ஷாக்தான் வேண்டும். தண்டில் லேசாக எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, செங்குத்தாக நிறுத்தி வையுங்கள்.